ஊசி நோகும் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்

"நோகாது ராசா, நுளம்பு கடிச்ச மாதிரித்தான் இருக்கும்." ரொறன்ரோவில் சிறுவர் வார்டுகளில் எங்கள் அம்மம்மாமார் இப்படிச் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் ஊசி நோகும். நொந்த பிறகு பிள்ளை அம்மம்மாவையும் நம்பாது, தாதியையும் நம்பாது. அடுத்த ஊசிக்கு நாலு பேர் கை காலைப் பிடிக்க வேண்டி வரும். இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைக்கு அந்த அடுத்த ஊசி பெரும்பாலும் இரண்டு, மூன்று வருடங்களுக்கு வந்துகொண்டே இருக்கும்.

நான் சைல்ட் லைஃப் ஸ்பெஷலிஸ்ட். மருந்து கொடுப்பது என் வேலையில் இல்லை. என்ன நடக்கப்போகிறது என்பதைப் பிள்ளையின் வயதுக்கு விளங்கும்படி முன்கூட்டியே சொல்வேன். நடக்கும்போது பக்கத்தில் நிற்பேன். மரத்துப்போகச் செய்யும் கிறீமை ஒரு மணி நேரம் முன்னதாகவே பூசவேண்டும் என்று தாதிக்கு நினைவூட்டுவேன். பிள்ளையைக் கட்டிலில் கிடத்தி அமத்தாமல், தாயின் மடியில் நெஞ்சோடு நெஞ்சாக இருத்தி ஊசி போட வைப்பேன். எங்கள் சனம் இதை "விளையாட்டு ரீச்சர்" வேலை என்று சொல்லும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

ஆறு வயதுப் பையன் ஒருவன் சேலைன் ஏற்றிய கையை முறிந்த கை போலத் தூக்கிப் பிடித்தபடி இருந்தான். சாப்பிடவும் இல்லை. கேட்டுப் பார்த்தால், ஊசி இன்னும் கைக்குள் இருக்கிறது, மடக்கினால் குத்தும் என்று நினைத்திருக்கிறான். முகம் வரையாத துணிப் பொம்மை ஒன்றைக் கொடுத்தேன். அவனே கண்ணும் வாயும் வரைந்தான். அதன் கையில் அதே மாதிரி ஊசியை ஏற்றி, ஊசியை வெளியே இழுத்து, உள்ளே மிஞ்சும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். எல்லாவற்றையும் தமிழில்தான் சொன்னேன், பக்கத்தில் இருந்த அம்மம்மாவுக்கும் விளங்கவேண்டும் என்பதற்காக. கொஞ்ச நேரத்தில் கையை மடக்கினான். பிறகு கேட்டான்: "நான் குழப்படி செய்ததுக்கோ எனக்கு வருத்தம் வந்தது?"

இந்தக் கேள்வி வேறு பல பிள்ளைகளின் மனதிலும் இருக்கும். "குழப்படி செய்தால் டொக்டரிட்டச் சொல்லி ஊசி போடுவன்" என்று வெருட்டி வளர்க்கும் வீடுகளில் இன்னும் கூடுதலாக இருக்கும். "உன்னில பிழை இல்லை" என்று யாராவது வாய்விட்டுச் சொல்லாவிட்டால் பிள்ளை அந்தக் குற்றத்தைத் தானே சுமந்துகொண்டிருக்கும்.

இந்தத் தொழிலுக்கு வழி திறந்தவர்களில் முக்கியமானவர் எம்மா பிளாங்க். வியன்னாவில் மொண்டிசோரி ஆசிரியையாக இருந்து, 1938இல் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தவர். 1955இல் கிளீவ்லாந்து நகர மருத்துவமனையில், சிறுவர் மருத்துவப் பிரிவின் தலைவரும் நோபல் பரிசு பெற்றவருமான ஃப்ரெடெரிக் ராபின்ஸ் அழைத்து இந்தப் பணியை அவரிடம் ஒப்படைத்தார். பெற்றோரைக் குறித்த நேரத்துக்கு மட்டுமே வார்டுக்குள் விட்ட காலம் அது. இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952இல், தனியே மருத்துவமனையில் விடப்பட்ட இரண்டு வயதுக் குழந்தையைப் படம்பிடித்துக் காட்டினார். 1959இல் அங்கே மருத்துவமனையில் இருக்கும் பிள்ளைகளின் நலன் பற்றி வந்த பிளாட் அறிக்கை பெற்றோரை எந்நேரமும் விடச் சொன்னது. இன்று நீங்கள் பிள்ளையின் கட்டிலோரம் கதிரையில் படுத்து எழும்புகிறீர்கள் என்றால், அது இப்படிப் பலர் போராடிப் பெற்றுத் தந்தது.

இந்த வேலைக்கு வர ஒரு பட்டம் வேண்டும். குழந்தை வளர்ச்சி, இழப்பும் துயரமும் போன்ற பாடங்கள் படித்திருக்க வேண்டும். சான்றிதழ் பெற்ற ஒருவரின் கீழ் குறைந்தது 600 மணி நேரம் பயிற்சி. பிறகு சான்றிதழ்ப் பரீட்சை. ஹமில்டனில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே முதுகலைப் படிப்பு இருக்கிறது. பட்டம் எடுப்பதைவிடப் பயிற்சி இடம் கிடைப்பதுதான் கடினம். கிடைத்தாலும் பெரும்பாலும் சம்பளம் இல்லை. 600 மணி என்றால் 15 வாரம் முழுநேர வேலை. தகப்பன் இரண்டு வேலை செய்து வாடகை கட்டும் ஸ்காபரோ வீட்டுப் பிள்ளை அதை எப்படிச் செய்யும்? பயிற்சியில் இருக்கும் வைத்தியர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் மருத்துவமனைகள் இவர்களுக்கும் கொடுக்கவேண்டும். கொடுக்காதவரை வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே இந்தத் தொழிலுக்கு வருவார்கள். தமிழோ சோமாலியோ பேசும் பிள்ளைக்குத் தன் மொழியில் உண்மையைச் சொல்ல ஆள் இருக்காது.

"டொக்டருக்குப் படி, இல்லாட்டி எஞ்சினியருக்குப் படி" என்று சொல்லும் பெற்றோரிடமும் கேட்கிறேன்: உங்கள் மகனோ மகளோ இந்தத் தொழிலின் பெயரைச் சொன்னால் மறிக்காதீர்கள். ஆண்பிள்ளைகள் இதில் மிகக் குறைவு, அவர்களும் வரவேண்டும்.

உங்கள் பிள்ளைக்குச் சத்திரசிகிச்சைக்கோ ஸ்கானுக்கோ நாள் குறித்திருந்தால், சைல்ட் லைஃப் ஆள் இருக்கிறாரா என்று மருத்துவமனைக்கு முன்கூட்டியே தொலைபேசி எடுத்துக் கேளுங்கள். அதற்குப் பொதுவாகக் குடும்பத்திடம் காசு வாங்குவதில்லை.