எத்தனை வரிசை வேண்டும்?

குங்ஃபூ பயிலும் இருவர் சந்தித்தால் முதலில் எழும் வினா, "எத்தனை வரிசை முடித்திருக்கிறீர்கள்?" என்பதுதான். எதிரில் ஆள் இருப்பதாகக் கொண்டு ஒருவர் தனியே செய்யும் அசைவுகளின் தொடரையே வரிசை என்கிறேன். நம் குத்துவரிசையிலிருந்து கடன் வாங்கிய சொல். கராத்தே நண்பர்கள் இதனைக் கட்டா என்பர்.

"எட்டு" என்று மார்தட்டி வந்தவன் நான். ஐந்தாண்டுகளில் எட்டு வரிசைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தேர்வு, தேர்வுக்கு ஒரு கட்டணம். சென்ற ஆண்டு, புதிதாகச் சேர்ந்த முதலாண்டு மாணவர் ஒருவர் விளையாட்டாக என் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். மூன்றடி பின்னால் போய்ச் சுவரில் முட்டி நின்றேன். எட்டில் ஒன்றுகூடத் துணைக்கு வரவில்லை! அன்றிலிருந்துதான் இந்தக் கணக்கின் மீது எனக்குச் சந்தேகம்.

ஹாங்காங்கில் புரூஸ் லீக்கு ஆசானாக இருந்த இப் மான் கற்பித்த விங் சுன் முறையைப் பாருங்கள். வெறுங்கை வரிசைகள் மூன்றே. முதலாவதான சியு நிம் தாவில் கால் நகர்வதே இல்லை. நின்ற இடத்தில் நின்று முழங்கையும் மணிக்கட்டும் இருக்க வேண்டிய இடத்தைப் பழக வேண்டும். இரண்டாவதான சம் கியுவில் திரும்புதல், அடியெடுத்தல், உதைத்தல். மூன்றாவதான பியு ஜி, நிலை தவறியவன் மீள்வதற்கு. அப்பால் மரப்பொம்மை, நீள்கழி, இரட்டைக் கத்தி, அவ்வளவே. மிஞ்சும் நேரமெல்லாம் இருவர் கையோடு கை ஒட்டி நின்று செய்யும் சி சாவ் பயிற்சிக்கு. ஒரு வரிசை சொன்னதை மற்றொன்று திரும்பச் சொல்வதில்லை. இதுவன்றோ பாடத்திட்டம்!

ஷிங் யி முறையில் இன்னும் சிக்கனம். அடிப்படை ஐந்து குத்துகள். ஒரே குத்தைக் கூடத்தின் இக்கோடியிலிருந்து அக்கோடி வரை செய்து, திரும்பி, மீண்டும் செய்வார்கள்.

மறுபக்கமும் உண்டு. 1836இல் சான் ஹியுங் நிறுவிய சோய் லி ஃபுட் முறையில் வரிசைகள் நூறைத் தாண்டும். அவர் மூன்று ஆசான்களிடம் கற்றதை ஒன்றாக்கியவர். செல்வம் பெருகியதில் வியப்பில்லை. ஆனால் அத்தனையையும் ஒரே மாணவன் கற்றாக வேண்டும் என்று யார் சொன்னது? நூலகத்தில் பல்லாயிரம் நூல்கள் இருப்பதால் அத்தனையும் நமக்குப் பாடநூல் ஆகிவிடுமா?

1910இல் ஷாங்காயில் தோன்றிய ஜிங் வூ சங்கம் இதனைப் புரிந்துகொண்டது. பல முறைகளின் ஆசான்கள் அங்கே கற்பித்தனர். எனினும் எல்லா மாணவர்க்கும் பொதுவென்று பத்து வரிசைகளை வகுத்தனர். ஆயுதங்களும், இருவர் சேர்ந்து செய்பவையும் அந்தப் பத்துக்குள்ளேயே அடக்கம். 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை, யாங் குடும்பத்தின் நெடிய டாய்ச்சி வரிசையை 24 அசைவுகளாகச் சுருக்கியதும் மக்கள் கற்று முடிக்க வேண்டும் என்றுதான்.

வரிசையே வேண்டாம் என்றார் பின்னாளில் புரூஸ் லீ. அவ்வளவு தூரம் போக எனக்குத் துணிவில்லை. ஆசான் இல்லாத வேளையில் உடம்புக்கு நினைவூட்ட வேறென்ன இருக்கிறது? பழைய வரிசைகளை ஆசான்கள் காக்கத்தான் வேண்டும். ஒருவர் மறந்தால் அது அவரோடு போயிற்று. காப்பவர்க்கு நூறு இருக்கட்டும், பயில்பவனுக்கு மூன்று போதும் என்பதே என் கட்சி. நான்காவதைக் கேட்பவன், முதல் மூன்றில் இல்லாத எது அதில் இருக்கிறது என்று சொல்லட்டும். என் எட்டில் ஐந்துக்கு என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

சென்ற மாதம் ஒன்பதாவது வரிசைக்குப் பெயர் கேட்டார் மாஸ்டர். முதல் வரிசையை மறுபடி தொடக்கத்திலிருந்து சொல்லித் தாருங்கள் என்றேன். சற்று நேரம் என்னையே பார்த்தார். பிறகு குதிரை நிலையில் நிற்கச் சொல்லி, நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். இம்முறை ஓரடிதான்.