பழைய வண்டிக்குப் புதிய என்ஜின் கூடாதா?

பதினைந்து ஆண்டுகளைக் கடந்த ஒரு பிக்-அப் சரக்கு வாகனத்தின் உரிமையாளருக்கு இன்று அரசு காட்டும் வழிகள் இரண்டே. உயரும் கட்டணத்தைச் செலுத்தி, ஆண்டுதோறும் தகுதிச்சான்று பெற்று, அதே பழைய புகையுடன் ஓட்டிக்கொண்டிருப்பது ஒன்று. வாகனத்தை உடைக்கக் கொடுத்துவிட்டுக் கடனில் புதியது வாங்குவது மற்றொன்று. சேஸிஸ் உறுதியாக இருக்கும் நிலையில், என்ஜினையும் பின் அச்சின் பற்சக்கரங்களையும் மட்டும் மேம்படுத்திக்கொள்ளும் மூன்றாவது வழி நடைமுறையில் அடைபட்டே கிடக்கிறது.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆவது பிரிவு இதற்குக் காரணம். உற்பத்தியாளர் முதலில் வரையறுத்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை உரிமையாளர் மாற்றியமைக்கக் கூடாது என்கிறது அது. அதே நிறுவனத்தின் அதே வகை என்ஜினைப் பொருத்தலாம். இயற்கை எரிவாயுவுக்கோ மின்கலத்துக்கோ அங்கீகரிக்கப்பட்ட உபகரணத்தின் மூலம் மாறலாம். கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் இந்தத் தடையைக் கண்டிப்புடன் உறுதிசெய்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்றது. ஆக, தேய்ந்து புகை கக்கும் என்ஜினை எடுத்துவிட்டு அதே வகையைச் சேர்ந்த, அதே அளவு மாசு உமிழும் இன்னொன்றைப் பொருத்துவது சட்டத்துக்கு உகந்தது. அதைவிடத் தூய்மையான வேறு வகை டீசல் என்ஜினைப் பொருத்துவது குற்றம்!

சட்டத்தின் அச்சம் ஆதாரமற்றது என்று சொல்ல மாட்டேன். என்ஜின் என்பது தனித்து நிற்கும் பொருளல்ல. பழைய டீசல் என்ஜின்களின் இழுவிசை குறைவு. அதை ஈடுகட்டவே பின் அச்சில் கிரவுன்-பினியன் விகிதத்தை உயர்த்தி வைத்தார்கள். விகிதம் 5 என்றால், சக்கரம் ஒரு முறை சுழல, உந்துதண்டு ஐந்து முறை சுழல வேண்டும். சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டர் என்று கொள்வோம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 500 முறை சுழலும். நேரடி கியரில் என்ஜின் 2,500 முறை சுழலும். டர்போ பொருத்திய பிற்கால என்ஜின் குறைந்த சுழற்சியிலேயே போதிய இழுவிசையைத் தந்துவிடும். அதைப் பழைய அச்சுடன் இணைத்தால் அவசியமின்றி வேகமாகச் சுழன்று, எரிபொருளை வீணாக்கும். விகிதத்தை 4-ஆகக் குறைத்தால் அதே வேகத்துக்கு 2,000 சுழற்சி போதும். என்ஜினை மாற்றுபவர் அச்சின் பல்விகிதத்தையும் மாற்ற நேர்வது இதனால்தான்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பழைய வாகனங்கள் பலவற்றில் வேகமானி, கியர்பெட்டியிலிருந்து வரும் கம்பிவடத்தால் இயங்குவது. அச்சின் விகிதத்தை 5-லிருந்து 4-ஆக மாற்றிவிட்டு வேகமானியைத் திருத்தாமல் விட்டால், அது 60 காட்டும்போது வண்டி உண்மையில் 75-இல் போய்க்கொண்டிருக்கும். வேகம் கால்பங்கு கூடினால், பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடுகிறது. பிரேக்கோ பழைய டிரம் பிரேக். போதாக்குறைக்கு, வலுவான என்ஜின் கிடைத்ததும் இன்னும் பத்து மூட்டை ஏற்றலாம் என்ற ஆசை எழும். பதிவுச் சான்றில் உள்ள எடை வரம்பு என்ஜினை மட்டும் பொறுத்ததல்ல. பட்டைவில், அச்சு, டயர், பிரேக் அனைத்தையும் பொறுத்தது. பட்டறைகளில் ஓசைப்படாமல் நடக்கும் மாற்றங்களில் இந்தக் கணக்கை யாரும் சரிபார்ப்பதில்லை. தடை இருப்பதால் மாற்றங்கள் நின்றுவிடவில்லை, சோதனைதான் நின்றுவிட்டது.

பொருளாதாரம் கற்பித்தவனின் பழக்கம், ஒரு கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு சிறுநகரத்தில் நாளொன்றுக்கு 60 கி.மீ. வீதம் மாதம் 1,500 கி.மீ. ஓடும் வண்டியை எடுத்துக்கொள்வோம். பழைய என்ஜின் லிட்டருக்கு 11 கி.மீ., மேம்பட்டது 14 கி.மீ. தருகிறது எனில், மாதம் ஏறத்தாழ 29 லிட்டர் மிச்சம். லிட்டர் 92 ரூபாய் என்றால் சுமார் 2,700 ரூபாய். புதிய வாகனத்துக்காக 11 சதவீத வட்டியில், ஐந்தாண்டுத் தவணையில் 7 லட்சம் கடன் வாங்கினால் மாதத் தவணை 15,200 ரூபாயைத் தாண்டும். எரிபொருள் மிச்சம் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மாறாக, எப்படியும் பழைய என்ஜினைப் பிரித்துச் செப்பனிட்டாக வேண்டிய கட்டத்தில் இருப்பவர், மேம்பட்ட என்ஜினுக்காகக் கூடுதலாக 1 லட்சம் செலவிடுகிறார் என்று கொண்டால், மூன்றாண்டுத் தவணை மாதம் சுமார் 3,300 ரூபாய். அதில் பெரும்பகுதியை எரிபொருள் மிச்சமே ஈடுசெய்துவிடும்.

இந்த எண்கள் எடுத்துக்காட்டுக்கானவை. நெடுந்தூரம் ஓடும் லாரிக்கு விடை வேறாக இருக்கும். அங்கே புதிய வாகனமே லாபம். ஆனால், நெடுஞ்சாலையில் இளமையைக் கழித்துவிட்டு உள்ளூரில் காய்கறியும் செங்கல்லும் சுமக்கும் வண்டிகளின் உரிமையாளர்கள், பெரும்பாலும் அவற்றின் ஓட்டுநர்களும் அவர்களே, குறைந்த ஓட்டத்தில் பெருங்கடனை அடைக்க இயலாதவர்கள். 2021-இல் அறிவிக்கப்பட்ட வாகன உடைப்புக் கொள்கை இவர்களுக்குத் தருவது என்ன? புதிய வாகன விலையில் 4 முதல் 6 சதவீதம் வரை உடைப்பு மதிப்பு. வணிக வாகனத்துக்குச் சாலைவரியில் 15 சதவீதம் வரை சலுகை. இரண்டும் புதிய வாகனம் வாங்க முடிந்தவருக்கே பொருள்படும். 2022 ஏப்ரலில் பழைய கனரக வாகனத் தகுதிச்சான்றுக் கட்டணம் 12,500 ரூபாயாக உயர்ந்தது. கட்டணம் ஏறியதால் புகை குறைவதில்லை.

வாகனத்தின் வயதை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் என்ன ஆகும் என்பதைத் தில்லி காட்டியது. பத்தாண்டு கடந்த டீசல் வாகனங்களுக்கு 2025 ஜூலை 1 முதல் எரிபொருள் மறுக்கும் உத்தரவு சில நாள்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது.

பிக்-அப் வாகனங்கள் மலிந்த அமெரிக்காவில், வாகன மாசு விதிகள் மிகக் கடுமையான கலிஃபோர்னியா மாநிலம்கூட என்ஜின் மாற்றத்தைத் தடை செய்யவில்லை. பொருத்தப்படும் என்ஜின், வாகனத்தின் ஆண்டையோ அதற்குப் பிந்தைய ஆண்டையோ சேர்ந்ததாக இருக்க வேண்டும். அதன் மாசுக்கட்டுப்பாட்டுச் சாதனங்கள் அனைத்தும் உடன் வர வேண்டும். மத்தியஸ்தர் நிலையில் உள்ள பரிசோதகர் சான்றளிக்க வேண்டும். ஜெர்மனியில் வல்லுநர் சோதித்து ஒப்பும் மாற்றம் வாகன ஆவணத்திலேயே பதியப்படுகிறது.

இங்கும் அது இயலாததல்ல. தனித்தனி வண்டிக்கு அனுமதி கேட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வரிசை நிற்கும் முறை வேண்டாம். அது இடைத்தரகர்களுக்கே வாழ்வளிக்கும். குறிப்பிட்ட வாகன மாதிரிக்கு உரிய என்ஜின், கிளட்ச், கிரவுன்-பினியன், வேகமானித் திருத்தம், பிரேக் மேம்பாடு ஆகியவற்றை ஒரே தொகுப்பாகச் சோதித்து ஒப்புதல் வழங்கலாம். சென்னையை அடுத்த ஒரகடத்திலும் புணேயிலும் அதற்கான சோதனை மையங்கள் உள்ளன. எடை வரம்பு ஒரு கிலோகூட உயரக் கூடாது. பிஎஸ்-6 டீசல் என்ஜினின் மின்னணுக் கட்டுப்பாட்டையும் புகைச் சுத்திகரிப்பு அமைப்பையும் பழைய வண்டியில் பொருத்துவது எளிதல்ல என்பதால், பிஎஸ்-4 நிலையே பெரும்பாலானவற்றுக்கு எட்டக்கூடிய இலக்கு. அத்தகைய என்ஜின்களை, விபத்தில் சிதைந்து அங்கீகாரம் பெற்ற உடைப்பு மையங்களுக்கு வரும் வாகனங்களிலிருந்து எண் பதிவுடன் பெறலாம். திருட்டு என்ஜின் நுழைவதையும் அது தடுக்கும்.

புதிய வாகன விற்பனை பாதிக்கப்படும் என்று உற்பத்தியாளர்கள் மறுப்புத் தெரிவிக்கக்கூடும். இன்று வாங்கும் நிலையில் இல்லாதவரின் கொள்முதலை எந்தக் கொள்கையாலும் இழந்துவிட முடியாது. அதைவிடக் கனமான ஆட்சேபம், பழைய வாகனங்கள் சாலையில் நீடிப்பது பாதுகாப்பானதா என்பதே. துருவேறிய சேஸிஸுக்கு இந்த வாய்ப்பை மறுக்கத்தான் வேண்டும். அதைக் கண்டறிய, தானியங்கிச் சோதனை நிலையங்களின் அளவீட்டோடு சேஸிஸை நேரில் ஆராயும் சோதனையும் தேவை.

இதற்காக நாடாளுமன்றத்தில் புதிய சட்டம் இயற்றவும் தேவையில்லை. குறிப்பிட்ட நோக்கத்துக்காக மாற்றங்களுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை 52-ஆவது பிரிவே மத்திய அரசுக்கு வழங்கியிருக்கிறது. இரண்டு அல்லது மூன்று வாகன மாதிரிகளுக்கு மட்டும், உள்ளூரில் ஓடும் சிறு சரக்கு வாகனங்கள் என்ற வரையறையுடன், சோதனை முயற்சியாக ஓர் அறிவிக்கையை வெளியிட்டு, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் புகையையும் பிரேக் திறனையும் அளந்து முடிவுகளை மக்கள் பார்வைக்கு வைக்கலாம்.