வகுப்பறைச் சுவரில் பாடுபட்ட சுரூபம்

வணிகம், சுற்றுச்சூழல், மனித உரிமை என எதை எடுத்தாலும் எல்லா நாட்டுக்கும் ஒரே சட்டம் வேண்டும் என்ற எண்ணம் வலுத்து வருகிறது. இது எந்த அளவுக்கு இயலும்? இத்தாலியில் எழுந்த ஒரு வழக்கை நாம் சிந்தித்துப் பார்ப்போம்.

அந்நாட்டு அரசுப் பள்ளிகளில் பாடுபட்ட சுரூபம் மாட்டப்படுவது 1920-களின் அரசாணைகளில் இடம்பெற்ற வழக்கம். தம் பிள்ளைகளின் பள்ளியில் அதை அகற்றவேண்டுமென ஒரு தாய் கேட்டார். இத்தாலிய நீதிமன்றங்கள் மறுத்தன. ஸ்ட்ராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமோ 2009 நவம்பரில் ஒருமனதாக அத்தாயின் பக்கம் தீர்ப்பளித்தது.

இத்தாலி மேல்முறையீடு செய்தது. அதற்கு ஆதரவாக எட்டு நாடுகளின் சார்பில் வாதாடியவர் கத்தோலிக்கர் அல்லர். யூதரான சட்டப் பேராசிரியர் ஜோசப் வைலர், தம் மரபுத் தொப்பியுடனேயே மன்றத்தில் நின்றார். பிரான்சு அரசையும் சமயத்தையும் பிரித்து வைத்துள்ளது. இங்கிலாந்தில் முடிசூடியவரே ஆங்கிலிக்கன் திருச்சபைக்கும் தலைமை வகிக்கிறார். இரண்டுமே உரிமைகளை மதிக்கும் நாடுகள்தாம், வெறுஞ்சுவரும் ஒரு நிலைப்பாடே என்றார் அவர். 2011 மார்ச் 18 அன்று 15 நீதிபதிகள் ஏற்க, இருவர் மறுக்க, முடிவு இத்தாலியிடமே விடப்பட்டது.

நம்மவர் பலர் மகிழ்ந்தனர். ஆனால் நெருடல் ஒன்று உண்டு. சுவரிலுள்ள சிலுவை போதனை எதுவும் செய்யாத, செயலற்ற அடையாளம் என்பதும் அத்தீர்ப்புக்கு ஒரு காரணம். பலருக்கு இடறலாகும் என்று அறிந்தே திருத்தூதர் பவுல் அறிவித்த சிலுவை, யாரையும் பாதிக்காத பொருளாக வழக்கில் வென்றிருக்கிறது! 'பெரும்பான்மையினரின் மரபு' என்ற வாதமும், சிறுபான்மையினராக வாழும் நமக்கு எதிராக நாளை திரும்பக்கூடும்.

ஜெர்மனியில் நடந்தது வேறு. பவேரிய மாநிலப் பள்ளிகளில் சிலுவையைக் கட்டாயமாக்கிய விதி செல்லாது என்று அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் 1995-ல் கூறியது. மாநில அரசு அதே ஆண்டில் புதிய சட்டம் இயற்றியது. சிலுவை இருக்கும், பெற்றோர் தகுந்த காரணத்தோடு மறுத்தால் தலைமையாசிரியர் அவர்களோடு பேசி இணக்கம் காணவேண்டும்.

இத்தாலியின் உச்ச நீதிமன்றம் 2021 செப்டம்பரில் ஏறக்குறைய அங்கேயே வந்து சேர்ந்தது. சுரூபம் கட்டாயமில்லை, பள்ளிச் சமூகம் விரும்பினால் வைக்கலாம், மறுப்பவரின் மனச்சான்றுக்கும் செவிகொடுத்து வழி தேடவேண்டும் என்றது. ஸ்ட்ராஸ்பூர்க் இதைக் கட்டளையிடவில்லை. இரு நாடுகளும் தத்தம் பாதையில் நடந்தே இந்த இடத்தை அடைந்தன.