போடா போடா!



தலைப்பைப் பார்த்துவிட்டு ஆசிரியருக்கு யார்மீதோ கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். கென்யாவிலும் உகாண்டாவிலும் தெருவுக்குத் தெரு ஓடும் வாடகை மோட்டார் சைக்கிளுக்கு அதுதான் பெயர். அந்தப் பெயர் ஓர் எல்லைச் சாவடியில் பிறந்தது என்பது இந்த இதழுக்காகப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

கென்யாவுக்கும் உகாண்டாவுக்கும் நடுவே புசியா என்றொரு ஊர். எல்லைக்கு அந்தப் பக்கமும் புசியா, இந்தப் பக்கமும் புசியா. 1960-களில் ஒரு நாட்டின் கேட்டுக்கும் அடுத்த நாட்டின் கேட்டுக்கும் இடையே யாருக்கும் சொந்தமில்லாத நிலம் அரை மைலுக்கு மேல் கிடந்தது. பஸ்சை விட்டு இறங்கியவர்கள் மூட்டை முடிச்சோடு அதை நடந்துதான் கடக்க வேண்டும். சைக்கிள் வைத்திருந்த பையன்கள் பின்னால் ஒரு மெத்தையைக் கட்டிக்கொண்டு, "பார்டர்... பார்டர்..." என்று கூவி ஆள் ஏற்றினார்கள். கூவிக் கூவித் தேய்ந்து அது 'போடா போடா' ஆயிற்று. சைக்கிள் போய் மோட்டார் சைக்கிள் வந்த பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

நடந்து போகிறவர்களுக்குச் சைக்கிள் கிடைத்தது. லாரிக்கு என்ன கிடைக்கும்? கென்யாவின் மொம்பாசா துறைமுகத்திலிருந்து உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவுக்கு ஏறத்தாழ 1,170 கிலோமீட்டர். உகாண்டாவுக்குக் கடல் கிடையாது. உப்பு முதல் உதிரிபாகம் வரை பெரும்பாலும் இந்த வழியாகத்தான் போக வேண்டும். ஒரு காலத்தில் இந்தத் தூரத்தைக் கடக்க ஒரு லாரிக்கு 18 நாள் பிடித்தது. மாட்டு வண்டியை விட அது வேகம் என்று சொல்வதற்கில்லை.

சாலை மோசம் என்பது ஒரு காரணம்தான். நாட்களைத் தின்றது சந்தேகம். உகாண்டாவுக்கு என்று சொல்லி வரி கட்டாமல் புறப்படும் சரக்கு, வழியில் கென்யாவிலேயே இறங்கி விற்பனையாகிவிட்டால்? அதனால் எடைமேடைக்கு எடைமேடை நிறுத்தம், சீல் சரிபார்ப்பு, காகிதம், கையெழுத்து. எல்லைக்கு வந்தால் கென்யப் பக்கம் ஒரு வரிசை; அது முடிந்து நூறடி நகர்ந்தால் உகாண்டாப் பக்கம் அதே காகிதங்களோடு இன்னொரு வரிசை.

இது நமக்குப் புரியாத கதை இல்லை. பல வருடங்களுக்கு முன் கேரள எல்லையில் ஒரு சோதனைச் சாவடியில், லாரி ஒன்றின் முன் இருக்கையில் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தேன். விடிந்தபோது முன்னால் நின்ற வண்டிகளில் பாதிகூடக் குறைந்திருக்கவில்லை. நாமக்கல்காரரான ஓட்டுநர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார்: "சார், ஓட்டுறதுக்கா சம்பளம் குடுக்குறாங்க? நிக்கிறதுக்குத்தான்." 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் பல மாநிலங்களில் வணிகவரிச் சாவடிகள் மூடப்பட்டன. ஒரே நாட்டுக்குள் இதைச் செய்யவே நமக்கு விடுதலைக்குப் பின் எழுபது வருடம் ஆகியிருக்கிறது என்றால், வேறு வேறு கொடி, வேறு வேறு நாணயம், வேறு வேறு போலீஸ் உள்ள நாடுகள் இதில் இறங்கியதை என்னவென்று சொல்வது!

கென்யாவும் உகாண்டாவும் சேர்ந்திருக்கும் கூட்டமைப்பான கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் செய்த காரியம் கேட்பதற்குச் சின்னதாக இருக்கும். எல்லையில் ஒரு முறை மட்டும் நின்றால் போதும் என்றார்கள். கென்யாவிலிருந்து உகாண்டா போகிற வண்டி கென்யப் பக்கம் நிற்பதில்லை. நேரே உகாண்டாப் பக்கக் கட்டடத்துக்குப் போகிறது. அங்கே இரண்டு நாட்டு அதிகாரிகளும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் வெளியே விடுகிறார், பக்கத்தில் இருப்பவர் உள்ளே விடுகிறார். திரும்பும்போது இதே வேலை கென்யக் கட்டடத்தில் நடக்கும். ஆப்பிரிக்காவில் இதற்கு முன்னோடி சாம்பியா - ஜிம்பாப்வே எல்லையில், சாம்பசி ஆற்றங்கரையில் இருக்கும் சிருண்டு. அது 2009 டிசம்பரில் திறந்தது. புசியாவில் முறைப்படி திறப்பு விழா நடந்தது 2018 பிப்ரவரியில்.

கட்டடம் கட்டுவது இதில் சுலபமான பகுதி. உகாண்டா மண்ணில் உட்கார்ந்திருக்கும் கென்ய அதிகாரி கள்ளச் சரக்கைக் கண்டுபிடித்தால் எந்த நாட்டுச் சட்டப்படி பிடிப்பார்? தன் நாட்டு எல்லைக்கு வெளியே அவருக்கு என்ன அதிகாரம்? இதற்கென்றே 2016-ல் தனிச் சட்டம் வந்தது. இன்னொரு பக்கம், 2014 முதல் உகாண்டா வரி அதிகாரிகளே மொம்பாசாவில் மேசை போட்டு உட்கார்ந்து, சரக்கு துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் முன்பே தங்கள் வரியை வசூலித்துக்கொண்டார்கள். வரிதான் வந்துவிட்டதே, வழியில் என்ன சந்தேகம்? மின்னணு சீல் வைத்து, வண்டி எங்கே போகிறது என்பதைத் திரையில் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் வந்தது. 18 நாள் பயணம் நாலைந்து நாளாகச் சுருங்கியது.

இதெல்லாம் லாரிக்காரர் கதை. என் மனம் நின்ற இடம் வேறு.

புசியாவில் தலைச்சுமையாகச் சரக்குக் கொண்டு போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். உகாண்டாவிலிருந்து சோளம், பீன்ஸ், முட்டை, மீன். கென்யாவிலிருந்து சோப்பு, சமையல் எண்ணெய். கைகால் முடங்கியவர்களும் இந்த எல்லையில் பிழைத்தார்கள். கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் சரக்கை ஏற்றிக்கொண்டு கடப்பார்கள், அதிகாரிகளும் அவர்களிடம் அதிகம் கெடுபிடி காட்டமாட்டார்களாம். சாவடிக்கு வர அஞ்சுகிறவர்களுக்குப் புதருக்குள் வேறு வழி உண்டு. சுவாஹிலியில் அதற்குப் 'பான்யா' பாதை என்று பெயர். பான்யா என்றால் எலி.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெண்களின் கூடையில் இருக்கும் உறுப்பு நாட்டு விளைச்சலுக்கு வரியே கிடையாது. 2,000 டாலர் மதிப்புக்கு உட்பட்ட சரக்கு என்றால், 'இது எங்கள் நாட்டில் விளைந்தது' என்று ஓர் எளிய சான்றிதழ் வாங்கினால் போதும். அதை எல்லையிலேயே தருகிறார்கள். பிறகு ஏன் எலிப்பாதை? பலருக்கு அப்படியொரு சான்றிதழ் இருப்பதே தெரியாது. தெரிந்தாலும், சீருடையைக் கண்டால் பயம். நேற்றுவரை கூடையைப் பிடுங்கியவரிடம் இன்று போய்ச் சான்றிதழ் கேள் என்றால் யாருக்குக் கால் வரும்? புதருக்குள் போனாலோ அங்கேயும் பறிப்பு, அதற்கு மேலான ஆபத்தும். சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதைதான். ஒப்பந்தத்தில் போட்ட கையெழுத்து கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவர் வரைக்கும், அங்கிருந்து கூடைக்காரி காதுவரைக்கும் வந்து சேர வேண்டும். மாநாட்டுப் படங்களைவிட இந்தக் கடைசிப் பத்தடியைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன்.

அரசுகளின் கோபதாபம் வேறு. 2017-ல் கென்யாவிலிருந்து கொண்டுவரப்பட்ட 6,400 கோழிக்குஞ்சுகளைப் பறவைக் காய்ச்சல் பயம் என்று சொல்லித் தான்சானியா உயிரோடு எரித்தது. இரண்டும் ஒரே கூட்டமைப்பின் நாடுகள்! 2021 மார்ச்சில் பூஞ்சை நஞ்சு இருக்கிறதென்று உகாண்டா, தான்சானியா சோளத்தைக் கென்யா நிறுத்தியது. சில நாளில் நிபந்தனைகளோடு விட்டது. ருவாண்டாவும் உகாண்டாவும் முறைத்துக்கொண்டதில் கதுனா எல்லை 2019 பிப்ரவரி முதல் ஏறக்குறைய மூன்று வருடம் மூடிக் கிடந்தது. நஞ்சு பரிசோதிக்கப்பட வேண்டியதுதான். ஆனால் அதற்கு எல்லையில் ஓர் ஆய்வுக்கூடம் வையுங்கள். ஒரே இரவில் கதவைச் சாத்துவது எந்த ஊர் நியாயம்?

கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தினர் ஒரு முறை உடைந்து மறுபடி சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1967-ல் தொடங்கிய முதல் கூட்டமைப்பில் ரயில், துறைமுகம், விமான நிறுவனம் எல்லாமே பொதுவாக இருந்தன. பத்து வருடத்தில், 1977-ல் அது சிதறியது. தான்சானியா மூடிய கென்ய எல்லை 1983-ல்தான் திறந்தது. பிறகு பேசிப் பேசி 1999-ல் புது ஒப்பந்தம் போட்டார்கள். மூன்று நாடுகளாகத் தொடங்கியது இன்று எட்டு.

நம் தெற்காசியாவைப் பற்றி நீட்டி எழுத ஆசையில்லை. சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 2006 முதல் நடைமுறையில் இருக்கிறது. நமக்குள் நடக்கும் வியாபாரமோ மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்தை ஒட்டித்தான். தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் தலைவர்கள் கடைசியாக மாநாடு கூடியது 2014-ல், காட்மாண்டுவில்.

அதனால் உங்களிடமே கேட்கிறேன். ராமேசுவரத்தில் கப்பலேறித் தலைமன்னார் போய் வந்தவர்கள் நம் வாசகர்களில் இன்னும் இருப்பீர்கள். சுங்கத்தில் பெட்டியைத் திறந்து காட்டிய அனுபவம், கொண்டுபோன புடவை, கொண்டுவந்த சோப்பு, நின்ற வரிசை, எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள். சாவடிகளில் நாட்கணக்கில் கிடந்த லாரி ஓட்டுநர்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதினாலும் சரி. இரண்டு பக்கத்துக்கு மிகாமல் இருக்கட்டும். அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்