சக்கரமும் சாதியும்: சறுக்குத் திடல் யாருடைய பொது இடம்?

பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் மிதிவண்டியோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதையும், காலணியோ புத்தாடையோ அணிவதையும் தடுப்பது தண்டனைக்குரிய குற்றம் என வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் வெளிப்படையாகக் கூறுகிறது. விடுதலை பெற்று அறுபத்தெட்டு ஆண்டுகள் கழித்தும் இவ்வாறு ஒரு பிரிவை எழுத நேர்ந்ததே, சக்கரத்தின் மீது ஏறும் உரிமை கூட இந்நாட்டில் சாதியின் அனுமதிக்கு உட்பட்டிருந்தது என்பதற்குச் சான்று.

அதே 2015ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தைச் சேர்ந்த ஜன்வார் கிராமத்தில் சறுக்குப் பலகை, அதாவது ஸ்கேட்போர்டு, ஓட்டுவதற்கான கான்கிரீட் திடல் ஒன்று எழுந்தது. உல்ரிகே ரைன்ஹார்ட் என்ற ஜெர்மானியப் பெண்மணி தொடங்கிவைத்த இத்திடல் 'ஜன்வார் காசில்' எனப்படுகிறது. கோண்டுப் பழங்குடியினரும் யாதவர்களும் தனித்தனிக் குடியிருப்புகளில் வாழும் ஊர் அது. அங்கே இரண்டு விதிகள் வகுக்கப்பட்டன: பள்ளிக்குச் செல்லாதவருக்குச் சறுக்கு இல்லை; பெண் குழந்தைகளுக்கே முதலிடம். அத்திடலில் பயின்ற ஆஷா கோண்டு என்ற பழங்குடிப் பெண் 2018இல் சீனாவின் நான்ஜிங் நகரில் நடந்த உலகப் போட்டியில் இந்தியாவின் சார்பில் பங்கேற்றார்.

இதில் கான்கிரீட்டை விட விதிகளே முதன்மையானவை. 'அனைவருக்கும் பொது' என்று பலகை மட்டும் எழுதி வைத்தால், ஏற்கெனவே வலிமை பெற்றவர்களே இடத்தைக் கைக்கொள்வார்கள். பெண்ணுக்கு முதலிடம் என்ற விதியோ, பலகையைக் கேட்கும் பழங்குடிச் சிறுமிக்கு முன்னால் ஆதிக்க சாதிச் சிறுவனைக் காத்திருக்கச் செய்கிறது. மேலும், இந்த ஆட்டத்தைப் புதிதாகப் பழகுபவர் இன்னொருவரின் கையைப் பற்றிக்கொண்டே சரிவில் இறங்குகிறார். தீண்டாமை தடுக்க விரும்பும் தொடுதலை இவ்விளையாட்டு இயல்பாகக் கோருகிறது.

ஆயினும் திடலில் சேர்ந்து சறுக்கிய பிள்ளைகள் திரும்பிச் செல்வது தனித்தனிக் குடியிருப்புகளுக்கே. ஒரு விளையாட்டுத் திடல் நிலவுடைமையையோ மண உறவுகளையோ மாற்றிவிடாது. அதைச் சாதி ஒழிப்பின் சாதனையாகக் கொண்டாடுவது மிகை. இன்னொரு வினாவும் எழுகிறது. வெளியிலிருந்து வரும் ஒருவரின் நல்லெண்ணத்தாலும் நன்கொடையாலும் உருவாகும் இடத்தில், முடிவெடுக்கும் அதிகாரம் எப்போது ஊர் மக்களின் கைக்கு வரும்? ஆஷா பின்னாளில் தன் ஊர்க் குழந்தைகளுக்காகத் தானே ஓர் அமைப்பைத் தொடங்கியது இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. பயன் பெறுவோர் நிர்வகிப்போராக மாறும்போதுதான் ஒரு திடல் சமூகத்தின் திடலாகிறது.

உண்மையில் இப்பொறுப்பு அரசுடையது. அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு, அரசு நிதியால் பராமரிக்கப்படும் கிணறுகள், குளங்கள், சாலைகள், பொதுமக்கள் கூடும் இடங்கள் ஆகியவற்றைச் சாதியின் பெயரால் எவருக்கும் மறுக்கக் கூடாது என்கிறது. பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் ஏற்படுத்துவது நகராட்சிகளுக்கு உரிய பணிகளுள் ஒன்றெனப் பன்னிரண்டாம் அட்டவணை குறிப்பிடுகிறது. நலிந்த பிரிவினரின் நலன் காப்பதும் அதே பட்டியலில் உள்ளது. ஆனால் அறிவிப்பு வேறு, அனுபவிப்பது வேறு. மகாடு நகராட்சி சவதார் குளத்தை 1924இலேயே அனைவருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானித்தது. அந்த நீரைத் தலித் மக்கள் அருந்துவதற்கு 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் அணிவகுக்க வேண்டியிருந்தது. அதன்பின் தாக்குதலையும் எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

எனவே ஓர் உள்ளாட்சி தன் பூங்காவில் சறுக்குத் திடல் அமைக்க முன்வருமானால், நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. இடம் எங்கே: தலித் குடியிருப்பின் பிள்ளைகள் ஆதிக்க சாதித் தெருவைக் கடக்காமல் வந்துசேர இயலுமா? பலகைகள் யாருடையவை: விலை கொடுத்து வாங்க இயலாதவருக்குத் திடலிலேயே பொதுப் பலகைகள் கிடைக்குமா? நிர்வாகக் குழுவில் யார்: தலித், பழங்குடிப் பெண்களுக்கு அதில் உறுதியான இடம் உண்டா? நிதி எங்கிருந்து: பட்டியல் சாதியினர் துணைத்திட்டப் பணத்தை எடுத்து, அவர்கள் நுழையத் தயங்கும் பூங்காவுக்குச் செலவிட்டுக் கணக்குக் காட்டப்படுகிறதா?

இவ்வினாக்களுக்குத் திட்ட வரைவிலேயே விடை எழுதப்பட வேண்டும். திறப்பு விழா முடிந்த பிறகு கேட்டால், வாயிற்காவலரின் பார்வையே விதியாகிவிடும். குளத்துக்கும் சாலைக்கும் நடந்த போராட்டத்தின் தொடர்ச்சியே பூங்காவுக்கான உரிமை. நம் பிள்ளைகள் தண்ணீருக்காக மட்டுமின்றி, விளையாடுவதற்காகவும் பொது இடத்தைக் கேட்பவர்கள்.