மேசையில் தேறியவர் மாட வீதியில் தவறும்போது

தலைக்காயத்திலிருந்து மீண்டவர் நம் சோதனை மேசைக்கு எதிரே எண்களைத் தலைகீழாகச் சொல்கிறார், அட்டைகளைப் பிரிக்கிறார். மதிப்பெண் சரியாக வருகிறது. 'நார்மல்' என்று எழுதி அனுப்புகிறோம். காய் வாங்கப் போனவர் வெறுங்கையோடு திரும்புவதை வீட்டார் பார்க்கிறார்கள். சோம்பல் என்கிறார்கள், சில வீடுகளில் திமிர் என்றும் சொல்கிறார்கள்.

இது பழைய புதிர். நரம்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் வைல்டர் பென்ஃபீல்ட் தம் சகோதரியின் மூளையில் வலது முன்மடலிலிருந்த கட்டியை அகற்றிய பிறகு கண்டதை, 1935-இல் ஜோசப் எவன்ஸுடன் சேர்ந்து எழுதினார். ஒவ்வொரு உணவையும் தனித்தனியே சமைக்க அந்தச் சகோதரிக்குத் தெரியும். ஆனால் விருந்தாளி வரும் நாளில் எதை முதலில் அடுப்பில் ஏற்றுவது, அது வேகும்போது எதை நறுக்குவது என்ற ஒழுங்கு கைகூடவில்லை. 1991-இல் நரம்பு உளவியலாளர்கள் ஷாலிஸும் பர்ஜெஸும் முன்மடல் பாதிப்புள்ள மூவரைக் கடைவீதிக்கே அனுப்பினார்கள். அறிவுத்திறன் சோதனைகளில் தேறிய அவர்கள், எளிய வேலைப் பட்டியலில் தடுமாறினார்கள்.

காரணம் நம் சோதனை முறையிலேயே இருக்கிறது. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது, அடுத்தது என்ன என்பதையெல்லாம் நாமே சொல்லிவிடுகிறோம். நோயாளியின் முன்மடல் செய்ய வேண்டிய வேலையைச் சோதிப்பவரின் முன்மடல் செய்துவிடுகிறது.

1950-இல் பி. ராமமூர்த்தி சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பு அறுவைச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். அன்றுமுதல் உயிர்காக்கும் திறமை இந்நகரில் வளர்ந்துவருகிறது. காத்த உயிர் வாழ்க்கைக்குத் திரும்பியதா என்று பார்ப்பதும் நம் பொறுப்பே. அதற்கு நம் வீதிகளில் செய்யும் ஒரு வேலைப் பட்டியலே போதும். மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்குதல். கபாலீசுவரர் கோயில் நடை சாத்தும் நேரத்தைக் கேட்டு எழுதுதல். சரியாகப் பத்தரை மணிக்குக் கோயில் குளத்தருகே நிற்றல். செலவு நூறு ரூபாய்க்குள், ஒரே கடைக்குள் இருமுறை நுழையாமல். இதில் தேறியவருக்குக் கூவலும் நெரிசலும் கவனத்தை இழுக்கும் ரங்கநாதன் தெரு அடுத்த கட்டம்.

விட்டுப்போன வேலை, விதிமீறல், வீண் நடை மூன்றையும் தனித்தனியே குறிக்க வேண்டும். உடன் செல்பவர் பாதுகாப்புக்கு மட்டுமே, நினைவூட்டக் கூடாது. வலிப்பு கட்டுப்படாதவரையும் நடை தள்ளாடுபவரையும் அனுப்பலாகாது. காயத்துக்கு முன் கடைக்கே போகாதவரை வேறு வேலையால்தான் அளக்க முடியும். வயது, கல்வி, பழக்கம் வாரியாக நலமுள்ளவர்களின் அளவுகளை நம் மையங்கள் கூட்டாகத் திரட்ட வேண்டும்.

அதுவரை ஒன்றை உடனே செய்யலாம்: வீட்டார் சொல்வதை அவர்கள் சொற்களிலேயே அறிக்கையில் பதிவுசெய்து, அதன் பிறகு மதிப்பெண்களை எழுதுவோம். திமிர் என்று பழி சுமப்பவருக்கு நாம் தர வேண்டிய முதல் சிகிச்சை சரியான நோயறிதல்தான்.