ஆட மறுத்த எண்பத்தொருவர்

கோப்பையை வென்றவரை எல்லோரும் போற்றுவர். ஆனால் 1973ஆம் ஆண்டு விம்பிள்டனைப் பற்றிப் பேசும்போது, ஆட மறுத்தவர்களையே முதலில் போற்ற வேண்டும் என்று நாம் கருதுகிறோம்.

டென்னிஸ் ஆட்டம் நெடுங்காலம் சங்க அதிகாரிகளின் கைப்பிடியில் இருந்தது. ஆட்டத்தையே பிழைப்பாகக் கொண்டவருக்குப் பெரும் போட்டிகளில் இடமில்லை. ஆஸ்திரேலிய வீரர் ராட் லேவர் 1962இல் நான்கு பெரும் பட்டங்களையும் வென்றார்; தொழில்முறை ஆட்டக்காரரானதும் ஐந்தாண்டுகள் அவருக்குக் கதவு அடைக்கப்பட்டது. திறமையை வளர்க்க வேண்டிய சங்கங்களே அதற்குத் தாழ்ப்பாள் போட்ட விந்தையை என்னென்பது! 1968இல் கதவு திறந்தது. 1969இல் லேவர் அந்நான்கையும் மீண்டும் வென்று காட்டினார்.

கதவு திறந்ததே தவிர, சாட்டை கைமாறவில்லை. டேவிஸ் கோப்பையில் நாட்டுக்காக ஆட மறுத்தார் என்று குற்றஞ்சாட்டி, நிகோலா பிலிச் என்ற வீரரை யூகோஸ்லாவியச் சங்கம் ஒன்பது மாதம் விலக்கி வைத்தது. உலகச் சம்மேளனம் அதை ஒரு மாதமாகக் குறைத்தது. அந்த ஒரு மாதத்திற்குள்தான் விம்பிள்டனும் வந்தது! 1972இல் தோன்றிய வீரர்கள் சங்கமாகிய ஏ.டி.பி. பிலிச்சின் பக்கம் நின்றது. 81 பேர் விலகினர். முந்தைய ஆண்டு பட்டம் வென்ற ஸ்டான் ஸ்மித்தும் அவர்களுள் ஒருவர். ஒரு தோழருக்காகத் தம் பட்டத்தையே விட்டுக்கொடுப்பது எளிதா? (நம் சென்னை விஜய் அமிர்தராஜ் அவ்வாண்டு ஆடிக் காலிறுதி வரை சென்றார், பிற்காலத்தில் அவரே ஏ.டி.பி. வீரர்கள் அவைக்குத் தலைமை தாங்கினார்.) பலன் கிடைத்தது. 1974இல் அமைந்த நிர்வாகக் குழுவில் வீரர்களுக்கும் இடம் உண்டு. 1990 முதல் ஏ.டி.பி.யே ஆண்கள் போட்டிச் சுற்றை நடத்துகிறது. அதன் குழுவில் பாதி வீரர்கள் தரப்பு, பாதி போட்டி அமைப்பாளர் தரப்பு.

இத்தனை நியாயம் பேசிய ஆண்கள், பெண்களைத் தம் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார்களா? இல்லை. ஏ.டி.பி.யின் முதல் நிர்வாக இயக்குநர் ஜாக் கிரேமர். 1970இல் லாஸ் ஏஞ்சலிஸில் அவர் நடத்திய போட்டியில் ஆண் வெற்றியாளருக்கு 12,500 டாலர், பெண்ணுக்கோ 1,500! பொறுத்துப் பார்த்த பில்லி ஜீன் கிங், அதே 1973 விம்பிள்டனுக்குச் சில நாள் முன்பு லண்டன் ஓட்டல் ஒன்றில் வீராங்கனைகளைக் கூட்டித் தனிச் சங்கம் கண்டார். விம்பிள்டன் சமபரிசு தந்ததோ 2007இல்தான்.

2020இல் ரோஜர் பெடரர், இரு சங்கங்களும் ஒன்றானால் என்ன என்று கேட்டார். எழுபதுகளின் தொடக்கத்திலிருந்தே தாம் சொல்லி வருவது இதுதான் என்றார் கிங் அம்மையார்.